சத்தம் எங்கே போயிற்று?

வீட்டு சினிமா கம்ப்யூட்டர் ஊமையானால் என்ன செய்வது?

சினிமா பார்க்கக் கொட்டகைக்குத்தான் போக வேண்டும் என்பது இல்லை. கொட்டகையே வீட்டுக்குள் வந்து விட்டது!

சுவரில் பெரிய டெலிவிஷன். அறையைச் சுற்றி ஸ்பீக்கர்கள். பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். படம், பாட்டு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இதற்கு "ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்" என்று பெயர்.

குடும்பத்தோடு உட்கார்ந்து படம் பார்க்கும்போதுதான் தொல்லை வருகிறது. ரிமோட்டை அழுத்தினால் சத்தம் கூடுவது இல்லை. அழுத்திக் கொண்டே இருந்தால், திடீர் என்று வீடே அதிருகிறது! தூங்கும் குழந்தை அலறி எழுகிறது. பாட்டிக்கோ சண்டைச் சத்தம் மட்டும் கேட்கிறது. வசனம் காதில் விழவில்லை.

"மெஷின் கெட்டு விட்டது" என்று பலர் முடிவு கட்டி விடுகிறார்கள். புது ஸ்பீக்கர் வாங்கப் புறப்பட்டு விடுகிறார்கள்.

அவசரம் வேண்டாம்! எந்தப் பழுதும் இல்லாமலே இத்தனையும் நடக்கும்.

நாலு மடை

வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலில் நாலு மடைகள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒரு மடை அடைபட்டாலும் தண்ணீர் வராது. சத்தமும் அப்படித்தான் வருகிறது.

முதல் மடை, படத்தை ஓட்டும் "பிளேயர்". கோடி, வி.எல்.சி. போன்றவை இந்த வகை. இதற்குத் தனியாக ஒரு சத்த அளவு உண்டு.

இரண்டாவது மடை, கம்ப்யூட்டரின் பொது அளவு. "விண்டோஸ்" கம்ப்யூட்டரில், திரையின் கீழே வலது மூலையில் சின்ன ஸ்பீக்கர் படம் தெரியும். அதுதான் இது. 2007-ல் வந்த "விஸ்டா" முதல், ஒவ்வொரு பிளேயருக்கும் தனித்தனி அளவும் இங்கே வைக்க முடிகிறது. மற்றச் சத்தம் கேட்கிறது, படம் மட்டும் ஊமை என்றால், இந்த இடத்தைப் பாருங்கள்.

மூன்றாவது மடை, டெலிவிஷன். சில வீடுகளில் சத்தம் இதன் வழியாகவே போகிறது.

நாலாவது மடை, ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிபயர்.

நாலையும் ஒரே நேரத்தில் திருகினால் குழப்பம்தான் மிஞ்சும். முதலில் ஆம்ப்ளிபயரை நன்றாகக் குறைத்து விடுங்கள். பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக முழு அளவுக்குத் திறங்கள். கடைசியில் ஆம்ப்ளிபயரை மெதுவாகக் கூட்டுங்கள். அன்று முதல் அந்த ஒன்றை மட்டும் கூட்டிக் குறைத்தால் போதும்.

வழி மாறிய சத்தம்

எல்லா மடையும் திறந்திருக்கிறது. ஆனாலும் சத்தம் இல்லை. ஏன்?

சத்தம் வேறு வாய்க்காலில் போயிருக்கலாம்! படத்தையும் சத்தத்தையும் "எச்.டி.எம்.ஐ." என்ற ஒரே கம்பி கொண்டு போகிறது. டெலிவிஷனை அணைத்துப் போட்டால், சில சமயம் கம்ப்யூட்டர் அந்த வழியை விட்டு விடுகிறது. சத்தத்தை வேறு ஸ்பீக்கருக்கு அனுப்பி விடுகிறது. மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு, சத்தம் போகும் இடமாக டெலிவிஷனையோ ஆம்ப்ளிபயரையோ மறுபடி தேர்ந்தெடுங்கள்.

கம்ப்யூட்டரில் யாரோ பேச அழைத்ததும் படத்தின் சத்தம் தானே அமுங்குகிறதா? அதுவும் பழுது அல்ல. பேச்சு வந்தால் மற்றச் சத்தத்தை 80 சதவிகிதம் குறைக்கும் ஏற்பாடு விண்டோஸில் உண்டு. "கம்யூனிகேஷன்ஸ்" என்ற பகுதியில் அதை நிறுத்தி வைக்கலாம்.

மூடிய உறை

இன்னொரு விந்தை! கம்ப்யூட்டரில் அளவை 100 வைத்தாலும், 10 வைத்தாலும் ஒரே சத்தம்!

இதற்குக் காரணம் "பாஸ்த்ரூ". டால்பி, டி.டி.எஸ். போன்ற முறைகளில் படத்தின் சத்தம் சுருக்கிக் கட்டப்பட்டு வருகிறது. பாஸ்த்ரூ இருந்தால், கம்ப்யூட்டர் அந்தக் கட்டைப் பிரிப்பதே இல்லை. அப்படியே ஆம்ப்ளிபயருக்குத் தள்ளி விடுகிறது.

மூடிய உறைக்குள் இருக்கும் கடிதத்தைத் தபால்காரர் திருத்த முடியுமா? முடியாது! உறையைப் பிரிப்பது ஆம்ப்ளிபயர். ஆகவே, சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதனால்தான் முடியும். அதற்குரிய ரிமோட்டைக் கையில் எடுங்கள்.

கம்ப்யூட்டரிலேயே கூட்டிக் குறைக்க வேண்டுமா? பிளேயரில் பாஸ்த்ரூவை நிறுத்தி விடுங்கள். அதற்கு முன் ஆம்ப்ளிபயரைக் குறைக்க மறக்க வேண்டாம்.

ரிமோட்டுக்கு உயிர் இருக்கிறதா?

பல ரிமோட்டுகள் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசுகின்றன. செல்போன் காமிராவுக்கு அது தெரியும்! ரிமோட்டின் முனையைக் காமிராவுக்கு எதிரே பிடித்து, பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெளிச்சம் மினுக்கினால் ரிமோட் வேலை செய்கிறது. தெரியாவிட்டால், போனின் முன்பக்கக் காமிராவில் பாருங்கள். அதிலும் தெரியாவிட்டால் புது பாட்டரி போட்டுப் பாருங்கள்.

டெலிவிஷன் ரிமோட்டினாலேயே ஆம்ப்ளிபயரை ஆட்டுவிக்கும் வசதியும் உண்டு. அதற்கு "சி.இ.சி." என்று பெயர். டெலிவிஷன், ஆம்ப்ளிபயர் இரண்டிலும் அதைத் திறந்து வைக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்கு இந்த மொழி தெரியாது. அதற்குத் தனியாக ஒரு சிறு கருவி வாங்கிச் செருக வேண்டும்.

பாட்டிக்கு வசனம் கேட்க...

பல படங்களின் சத்தம் "5.1" என்ற முறையில் பதிவாகிறது. அதாவது ஆறு ஸ்பீக்கர்கள். முன்னால் மூன்று, பக்கவாட்டில் அல்லது பின்னால் இரண்டு, 'தம் தம்' என்று அதிரும் சத்தத்துக்கு ஒன்று.

வசனம் பெரும்பாலும் முன்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரில்தான் வரும். வீட்டில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர்! கம்ப்யூட்டரோ ஆறு இருப்பதாக நினைத்துக் கொண்டு சத்தத்தைப் பிரித்து அனுப்புகிறது. இல்லாத ஸ்பீக்கருக்குப் போன வசனம் யார் காதிலும் விழாது!

கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் முறையை "ஸ்டீரியோ" என்று மாற்றுங்கள். வசனம் திரும்பி வந்து விடும். நடு ஸ்பீக்கர் உள்ள வீடுகளில், ஆம்ப்ளிபயரில் அதை மட்டும் கொஞ்சம் கூட்டலாம்.

இரவில் பார்ப்பவர்களுக்கு "நைட் மோட்" என்ற ஏற்பாடு பல ஆம்ப்ளிபயர்களில் இருக்கிறது. பெரிய சத்தத்தை அது அமுக்கும். சிறிய சத்தத்தைத் தூக்கும். குழந்தையும் தூங்கும். பாட்டிக்கும் கதை புரியும்.

காது ஜாக்கிரதை!

ஸ்பீக்கர் போனால் வேறு வாங்கலாம். காது போனால்?

காதுக்குள் இருக்கும் நுண்ணிய மயிர் அணுக்கள்தான் சத்தத்தை உணர்கின்றன. அவை செத்தால் மறுபடி முளைப்பது இல்லை.

போன், பாட்டுப் பெட்டி போன்றவற்றில் கேட்பதற்கு, உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஓர் அளவு வகுத்தது. பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம், 80 டெசிபல். குழந்தைகளுக்கு 75 டெசிபல். அதற்கு மேல் 3 டெசிபல் கூடினாலே, கேட்கக் கூடிய நேரம் பாதியாகி விடும். வீட்டு சினிமாவுக்கும் இதை நினைவில் வைப்பது நல்லது.

பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டி இருக்கிறதா? சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

பல ஆம்ப்ளிபயர்களில் "மேக்ஸிமம் வால்யூம்" என்று ஓர் உச்ச வரம்பு வைக்க முடியும். இன்றே அதை வைத்து விடுங்கள். பிறகு குழந்தை கையில் ரிமோட் கிடைத்தாலும் வீடு அதிராது!