அஹாகிஸ்டா கடற்கரையில் ஒரு சூரியக் கடிகாரம்



பள்ளி ஆசிரியன் நாள்தோறும் முதலில் செய்யும் பணி வருகைப் பதிவேட்டைத் திறப்பதாகும். வரிசை எண்ணைச் சொல்லி அழைப்பது ஒரு முறை. பெயரைச் சொல்லி அழைப்பது மற்றொரு முறை. நேரம் மிச்சமாகும் என்று கருதி, நானும் தொடக்கத்தில் எண்களையே அழைத்து வந்தேன். ஒருமுறை, காய்ச்சலால் மாண்டுபோன மாணவன் ஒருவனுடைய எண்ணை மறுநாள் பழக்கத்தால் அழைத்துவிட்டேன். வகுப்பு முழுவதும் வாய் அடைத்திருந்தது. பின்வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, இறந்தவனுடைய பெயரைச் சொல்லி, "அவன் இனி வரமாட்டான், ஐயா" என்றான். அன்று முதல் நான் பெயர் சொல்லியே அழைக்கலானேன்.

பயங்கரவாதச் செயல் ஒன்று நிகழ்ந்த மறுநாள், செய்தித்தாள் நமக்கு ஓர் எண்ணைத் தருகிறது. இத்தனை பேர் மாண்டனர் என்கிறது. அந்த எண் மெய்யானதே. ஆயினும் எந்தத் தாயும் எண்ணுக்காக அழுவதில்லை. அந்த எண்ணுக்குள் அடங்கிவிட்ட பெயர்களை மீட்டெடுப்பது எஞ்சியிருப்போரின் கடமையாகிறது. அக்கடமை எவ்வாறு நிறைவேற்றப்படுகிறது, அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதை ஓர் உண்மை நிகழ்ச்சியின் வாயிலாக விளக்க விரும்புகிறேன்.

1985-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' என்னும் விமானம் கனடாவின் மான்ட்ரியல் நகரிலிருந்து லண்டன் வழியாக டில்லிக்கு வந்துகொண்டிருந்தது. அது கோடை விடுமுறைக் காலம். பாட்டன் பாட்டியரைக் காணப் புறப்பட்ட குழந்தைகள் பலர் அதில் இருந்தனர். அயர்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலின்மேல் சுமார் 31,000 அடி உயரத்தில் விமானம் வெடித்துச் சிதறியது. பயணிகளும் பணியாளருமாக 329 பேர் மாண்டனர். உயிர் பிழைத்தவர் ஒருவரும் இலர்.

கனடாவின் வான்கூவர் நகரில் ஏற்றப்பட்ட பெட்டி ஒன்றில் வெடிகுண்டு இருந்தது. பெட்டியை ஏற்றச் செய்தவன் தான் விமானத்தில் ஏறவில்லை. அதே நாளில் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் மற்றொரு பெட்டி வெடித்து, சுமை தூக்கும் தொழிலாளர் இருவர் இறந்தனர். பஞ்சாபில் தனி நாடு கோரிய தீவிரவாதிகள் சிலரின் சதி இது என்பது விசாரணைகளில் வெளிப்பட்டது. சிலர் செய்த இக்கொடுமைக்காக ஒரு சமயத்தார் அனைவரையும் பழித்தல் அறியாமையாகும்; மாண்டவருள் சீக்கியரும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

அயர்லாந்துக் கடற்படையின் 'ஆஷ்லிங்' என்னும் கப்பலும், வணிகக் கப்பல்களும், ஹெலிகாப்டர்களும் கடலில் தேடின. மீட்கப்பட்டவை நூற்று முப்பதுக்குச் சற்று மேற்பட்ட உடல்களே. ஏனையோரைக் கடல் திருப்பித் தரவில்லை. மீட்கப்பட்ட உடல்கள் கார்க் நகர மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டன. கனடாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் உறவினர் அங்கே விரைந்தனர். மொழியும் சமயமும் வேறான அந்நகர மக்கள், அவர்களை உற்றாராகவே ஏற்றனர். மருத்துவமனைச் செவிலியர் அவர்கள் அருகிருந்து ஆற்றினர்.

ஈமக்கடன் செய்ய உடல் இல்லாத குடும்பத்தின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எரியூட்டவும் அடக்கம் செய்யவும் வழியில்லை. இறந்தார் என்று அறிவு சொல்கிறது. வாசலில் காலடி ஓசை கேட்டால் நெஞ்சு மட்டும் எழுந்து பார்க்கிறது. இத்தகையோருக்குச் சென்று நின்று அழுவதற்கென ஓர் இடம் வேண்டும். அவ்விடத்தை நல்கியது, கார்க் மாவட்டத்தின் மேற்கே டன்மானஸ் விரிகுடாவின் கரையிலுள்ள அஹாகிஸ்டா என்னும் சிற்றூர்.

விபரீதம் நிகழ்ந்து சரியாக ஓராண்டு கழிந்து, 1986-ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று, அங்கே ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. கல்லாலான சூரியக் கடிகாரம் ஒன்று கடலை நோக்கி நிற்கிறது. அருகிலுள்ள சுவரில் மாண்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் அந்நாளின் காலைப் பொழுதில், விமானம் வீழ்ந்த நேரத்தில், குடும்பத்தினரும் ஊர்மக்களும் அங்கே கூடி அமைதி காக்கின்றனர், மலர் தூவுகின்றனர். இடம், பெயர், வேளை என்னும் மூன்றும் அங்கே ஒன்றுசேர்வதைக் கவனியுங்கள். இடம் துயருக்கு நிலம் தருகிறது. பெயர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைக்கிறது. குறித்த வேளையோ, தனித்தனியே அழுவோரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒருங்கு கூட்டுகிறது. நடுகல் நட்டு வழிபட்ட மரபில் வந்த நமக்கு, கல்லில் எழுதிய பெயரின் மதிப்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால் நினைவுக்கு நான்காவதாக ஒன்றும் தேவைப்படுகிறது. 'இவர் எம்மவர்' என்று சொல்லும் ஒரு நாடு வேண்டும். இறந்தவருள் 268 பேர் கனடாவின் குடிமக்கள். பெரும்பாலோர் இந்திய வழியினர். அவ்வாறிருந்தும், அக்காலத்துக் கனடியப் பிரதமர் இந்தியப் பிரதமருக்கே இரங்கல் தெரிவித்தார். தம் குடிமக்களை இழந்த நாடு, அயல்நாட்டுக்கு ஆறுதல் கூறியது! மனைவி மக்களைப் பறிகொடுத்து வீட்டில் தனித்திருந்த ஒருவருக்கு இச்செய்தி எவ்வாறு பட்டிருக்கும்? இழப்பு ஒரு புண். 'உன் இழப்பு எங்களுடையதன்று' என்பது அப்புண்ணில் பட்ட அடி.

அக்குடும்பத்தினர் சோர்ந்துவிடவில்லை. உண்மையை ஆராய வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் அரசின் கதவைத் தட்டினர். 2005-ஆம் ஆண்டில், குற்றம் சாட்டப்பட்ட இருவர் சான்று போதாமையால் விடுதலையாயினர். வெடிகுண்டு செய்ய உதவிய ஒருவன் மட்டுமே தண்டனை பெற்றான். அதே 2005-இல் கனடா அரசு ஜூன் 23-ஐப் பயங்கரவாதத்துக்கு இரையானோரின் தேசிய நினைவு நாளாக அறிவித்தது. 2006-இல் ஓய்வுபெற்ற உச்சநீதிமன்ற நீதிபதி ஜான் மேஜர் தலைமையில் விசாரணை தொடங்கியது. 2010-இல் வெளிவந்த அறிக்கை, உளவுத்துறையும் காவல்துறையும் செய்த பிழைகளை விரித்துரைத்ததோடு, இது கனடாவின்மீது நிகழ்ந்த கொடுமையே என்பதையும் ஐயமறக் கூறியது. அவ்வாண்டு ஜூன் 23 அன்று பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் குடும்பத்தினரிடம் மன்னிப்புக் கோரினார். அதற்குள் இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. அச்சொல்லைக் கேளாமலே கண்மூடிய பெற்றோரும் இருந்திருப்பர்.

2007-ஆம் ஆண்டில் டொரான்டோ நகரின் ஏரிக்கரையில் ஒரு நினைவிடம் அமைந்தது. அங்கும் ஒரு சூரியக் கடிகாரம் உண்டு. அதே ஆண்டில் வான்கூவரின் ஸ்டான்லி பூங்காவில் அமைந்த நினைவிடத்தோடு, குழந்தைகள் விளையாடும் இடம் ஒன்றும் சேர்க்கப்பட்டது. வெடிகுண்டுப் பெட்டி புறப்பட்ட நகரில், மாண்ட குழந்தைகளின் நினைவாக இன்றைய குழந்தைகள் ஊஞ்சலாடுகின்றனர். அவர்களுக்குப் பழைய கதை தெரியாதிருக்கலாம். என்றேனும் ஒரு குழந்தை சுவரிலுள்ள பெயர்களைச் சுட்டி, 'இவர்கள் யார்?' என்று தன் தாயைக் கேட்கும். தாய் அதற்கு விடை கூறும் வரையில் நினைவு அறுபடாது.

மாணவர்களே, வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் எண்கள் பலவற்றை மனப்பாடம் செய்கிறீர்கள். இத்தனை பேர் மாண்டனர் என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம், அங்கே சற்று நின்று, அவ்வெண்ணுள் உங்களை ஒத்த வயதினர் எத்தனை பேர் இருந்திருப்பர் என்று எண்ணிப் பாருங்கள். கடலுக்கு அப்பாலிருந்து வந்த அந்நியரின் பெயர்களைத் தம் ஊர்க் கரையில் காத்துவரும் அஹாகிஸ்டா மக்கள், யாருக்காக அழலாம் என்பதற்கு நாட்டெல்லை இல்லை என்று நமக்குக் கற்பிக்கின்றனர். என் வகுப்பில் அன்று எழுந்து நின்ற சிறுவனும் அதையே செய்தான். மற்ற அனைவரும் வாய் அடைத்திருந்த வேளையில், இறந்தவனுடைய பெயரைச் சொன்னான்.