நிபந்தனைக்கு வேலி வேண்டுமா?

கணிப்பொறிக்குப் புரோகிராம் எழுதப் பழகுவோர் முதலில் கற்கும் ஆணைகளுள் ஒன்று ‘இஃப்’. ‘இப்படியிருந்தால் இதைச் செய்’ என்னும் நிபந்தனை ஆணை அது. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் இதை இரு விதமாக எழுதலாம். நிபந்தனைக்குக் கட்டுப்படும் ஆணைகளை நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் வைப்பது ஒன்று. ஆணை ஒன்றே ஒன்றானால் அடைப்பை விட்டுவிடுவது மற்றொன்று. இரண்டாவது முறையில் எழுதிய இந்த வரிகளைப் பாருங்கள்:

மழை பெய்தால்
  ஜன்னலைச் சாத்து;
  விளக்கைப் போடு;

விளக்கும் மழைக்காகத்தான் என்று நீங்கள் படிப்பீர்கள். வரி உள்ளே தள்ளியிருப்பதைக் கண்டு நம் கண் அப்படிப் பொருள் கொள்கிறது. ஆனால் புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் சி கம்பைலர் இடைவெளியைச் சட்டை செய்வதில்லை. முதல் ஆணை மட்டுமே நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. வெயிலடிக்கும் நாளிலும் விளக்கு எரியும்!

விளக்கு எரிந்தால் மின்சாரம்தான் வீண். 2014-இல் வெளிப்பட்ட ஆப்பிள் நிறுவனத்தின் பிழை அத்தகையதன்று. ஐஃபோன் ஒரு வங்கியின் இணையதளத்தை அணுகும்போது, எதிரே இருப்பது உண்மையான வங்கிதானா என்று சோதிக்க வேண்டும். சான்றிதழைக் காட்டினால் மட்டும் போதாது. அது எவருக்கும் கிடைப்பது. அதற்குரிய இரகசியத் திறவுகோலால் இட்ட கையொப்பமும் சரியாக இருக்க வேண்டும். இந்தச் சோதனையில், ‘பிழை வந்தால் இறுதிப் பகுதிக்குத் தாவு’ என்று பல நிபந்தனைகள் அடைப்பின்றி எழுதப்பட்டிருந்தன. ஓரிடத்தில் ‘தாவு’ என்னும் வரி அடுத்தடுத்து இருமுறை வந்துவிட்டது.

இரண்டாவது ‘தாவு’ எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாதது. ஆகவே பிழை இல்லாதபோதும் தாவல் நடந்தது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஆணை அதற்குக் கீழே இருந்தது. அது நடைபெறவே இல்லை. அதுவரை பிழை எண் சுழியாகவே இருந்ததால், ‘எல்லாம் சரி’ என்ற விடையும் கிடைத்தது! பொது வை-ஃபையில் இடையே புகுந்த ஒருவன் வங்கி வேடம் போட இது போதும். பிப்ரவரி 21-இல் ஐஃபோனுக்கும், நான்கு நாள் கழித்து மேக் கணிப்பொறிக்கும் திருத்தம் வெளியாயிற்று.

அடைப்பு இருந்திருந்தால் தப்பியிருக்குமா? கூடுதல் வரி அடைப்புக்குள் விழுந்திருந்தால் தீங்கில்லை. வெளியே விழுந்திருந்தால் பிழை பிழைதான். ஆயினும் மூடிய அடைப்பைத் தாண்டித் தனியே நிற்கும் வரி கண்ணில் படும். அடைப்பு வரிகளை நீட்டுகிறது, படிக்கத் தடையாகிறது என்போர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எனினும் இரண்டு குறிகளைச் சேர்ப்பது பெரிய செலவன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

மொழிகளை அமைப்போர் சிலர் இதை நம் விருப்பத்துக்கு விடவில்லை. 1991-இல் வெளிவந்த பைத்தானில் உள்ளே தள்ளுவதே இலக்கணம். கோ, ரஸ்ட் மொழிகளில் அடைப்பு கட்டாயம். ஆப்பிளே 2014 ஜூனில் அறிமுகப்படுத்திய ஸ்விஃப்டிலும் அப்படியே. அது அதற்கு முன்பே உருவாகி வந்த மொழியாதலால், இந்தப் பிழையின் விளைவு என்று கொள்ள வேண்டாம்.

சி மொழிக்கான ஜிசிசி கம்பைலரின் 6-ஆம் பதிப்பு 2016-இல் வந்தபோது, ஏமாற்றும் இடைவெளியைக் கண்டால் எச்சரிக்கும் வசதி அதில் சேர்ந்தது. உங்களிடம் அது இருந்தால், மேலே கண்ட மூன்று வரிகளைச் சி மொழியில் எழுதி, எச்சரிக்கைகளைக் காட்டுமாறு கேட்டு ஓட்டிப் பாருங்கள்.