தாடை எலும்பை மீண்டும் வளர்த்தல்

பல் ஒன்று போய்விட்டால், தாடை எலும்பிலே உலோக வேர் ஒன்றை நட்டு, அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்தும் முறை இன்று நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் நடைபெற்று வருகிறது. இதனை நாடிச் செல்வோருள் சிலர், "வேரை நடுவதற்கு உங்கள் தாடையில் போதிய எலும்பு இல்லையே" என்று வைத்தியர் கூறக் கேட்டுத் திகைக்கின்றனர். போனது பல்தானே, எலும்பு எங்கே போயிற்று?

பல்லைத் தாங்கும் எலும்பு பல்லோடு தோன்றிப் பல்லை நம்பியே வாழ்வது. நாம் மெல்லும்பொழுது உண்டாகும் அழுத்தம், வேரைச் சுற்றியுள்ள மெல்லிய நார்களின் வழியே எலும்பைச் சென்றடைகிறது. அந்த வேலை நின்றால் எலும்பு கரையத் தொடங்கும். வேலைக்குத் தக்கவாறு எலும்பு தன்னை அமைத்துக்கொள்ளும் என்பதை ஜெர்மானிய வைத்தியர் ஜூலியஸ் வோல்ஃப் 1892ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதினார். பல்லைப் பிடுங்கிய ஓராண்டிற்குள் அவ்விடத்து எலும்பின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி குறைந்துவிடக்கூடும். அதிலும் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே குறைகிறது. கழற்றி மாட்டும் பல்செட்டு இதனைத் தடுப்பதில்லை. ஈறுகளின்மீது அது அழுந்த அழுந்த எலும்பு மேலும் தேய்கிறது.

இழந்த எலும்பை மீட்க இயலுமா? இயலும். ஆயினும் வைத்தியர் எலும்பைச் செய்து வைப்பதில்லை. எலும்பு வளர்வதற்கு இடமும் காலமும் தேடித் தருகிறார், அவ்வளவே. குறைந்த இடத்தில் எலும்புத் துகள்களை நிரப்பி, அவற்றை ஒரு மெல்லிய சவ்வினால் மூடுவார். ஈற்றுத் தசை விரைந்து வளரும். எலும்போ மெல்ல வளரும். இடையே சவ்வு இல்லையேல் எலும்பின் இடத்தை ஈறு பிடித்துக்கொள்ளும். துகள்களைப் பற்றிக்கொண்டு, கொழுகொம்பில் கொடி படர்வதுபோல, நோயாளியின் சொந்த எலும்பு உள்ளே படர்கிறது.

மேல்தாடையின் கடைவாய்ப் பகுதியில் இந்தச் சிக்கல் இருமடங்கு. அங்கே பற்களுக்கு மேலே, கன்னத்தினுள், காற்று நிறைந்த அறை ஒன்று உண்டு. பல் போனபின் எலும்பு கீழிருந்து தேய்கிறது. மேலிருந்து அந்த அறையும் இறங்கி வருகிறது. 10 மில்லிமீட்டர் நீளமுள்ள வேர் வேண்டிய இடத்தில் 3 மில்லிமீட்டர் எலும்பே எஞ்சியிருக்கும். 1970களில் அமெரிக்கப் பல் வைத்தியர் ஹில்ட் டேட்டம் இதற்கு ஓர் உபாயம் கண்டார். அறையின் பக்கச் சுவரில் சிறு சாளரம் திறந்து, முட்டை ஓட்டின் உட்தோல் போன்ற மெல்லிய உள்ளுறையைக் கிழியாமல் மேலே தூக்கி, அடியில் உண்டாகும் வெற்றிடத்தில் துகள்களை நிரப்புவதே அது. உறை கிழிந்துவிடுவதே இச்சிகிச்சையில் அடிக்கடி நேரும் இடையூறு. ஆதலால், பின்னர்ச் சில வாரங்கள் மூக்கைப் பலமாகச் சிந்தலாகாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்ம வேண்டும்.

துகள்கள் எங்கிருந்து வருகின்றன என்பது நம்மவர் கேட்க வேண்டிய கேள்வி. நோயாளியின் மோவாயிலிருந்தோ, இடுப்பெலும்பிலிருந்தோ எடுப்பது உண்டு. மாட்டெலும்பைப் பதப்படுத்திச் செய்தவையும் பெருவழக்கில் உள்ளன. சவ்வுகளிற் சில பன்றியிடமிருந்து பெறப்படுபவை. மனம் ஒப்பாதவர் முன்கூட்டியே சொன்னால், சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரமும் கலந்த செயற்கைத் துகள்களைப் பயன்படுத்த இயலும். சிகிச்சை முடிந்தபின் அறிந்து வருந்திப் பயனில்லை.

நிரப்பிய இடம் உறுதிப்பட 4 முதல் 9 மாதங்கள் செல்லும். திருமணத்திற்குள் பல் வேண்டும் என்று அவசரப்படுவோரிடம் வைத்தியர் இணங்காததற்குக் காரணம் இதுதான். புகைபிடிப்போருக்கும், நீரிழிவைக் கட்டுக்குள் வையாதோருக்கும் வளர்ச்சி தடைப்படுதல் மிகுதி.

பல்லைப் பிடுங்கும் அன்றே அக்குழியில் துகள்களை நிரப்பிவிட்டால், எலும்பு கரைவது முற்றும் நில்லாவிடினும் பெரிதும் குறையும். பின்னாளில் பெரிய சிகிச்சை தேவைப்படாமலும் போகலாம். ஆகவே பல்லைப் பிடுங்கும் முன்பே இதுபற்றி வைத்தியரிடம் கேட்பது நன்று. இருபுறத்துப் பற்களும் உறுதியாக இருப்பின், அவற்றைச் சற்றுத் தேய்த்து அவற்றின்மேல் பாலம்போலப் பல் கட்டும் பழைய முறையும் உண்டு. அதற்கு எலும்பை வளர்க்க வேண்டுவதில்லை.