நோட்டு கை மாறியபோது

"இனிமே நீதான் ஊக்குநர், கண்ணு. எனக்கு எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுது" என்று சொல்லி, தீர்மானப் புத்தகம், கணக்கு நோட்டு, பாஸ்புக் மூன்றையும் என் மடியில் வைத்தார் பெரியக்கா. குழுவில் எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கோ வயிற்றைக் கலக்கியது. பத்தாவது முடித்த பிறகு நான் எழுதியதெல்லாம் பால் கணக்கும் மளிகைச் சீட்டும்தானே!

தர்மபுரி மாவட்டத்தில் 1989-ல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. அப்போது சேர்ந்தவர் பெரியக்கா. முப்பது வயதில்தான் கையெழுத்துப் போடக் கற்றாராம். முதல் தடவை வங்கிக்குப் போனவர், உள்ளே நுழையப் பயந்து வேப்பமரத்தடியிலேயே ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் பொறுப்பேற்ற இரண்டாம் மாதம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு உறுப்பினர் அழுதுகொண்டே வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல், டவுனுக்குக் கொண்டு போகணும், கையில் காசில்லை. மறுநாள் வங்கியில் கட்ட வேண்டிய சேமிப்புப் பணம் என் பீரோவில் இருந்தது. மூவாயிரம் எடுத்துக் கொடுத்துவிட்டேன். நீங்களாக இருந்தாலும் கொடுத்திருப்பீர்கள்!

அடுத்த கூட்டத்தில் பாஸ்புக் கை மாறிக்கொண்டே வந்தது. "நோட்டுல இருக்கிற பணம் இதுல காணோமே?" என்றாள் ஒருத்தி. விஷயத்தைச் சொன்னேன். யாரும் பதில் பேசவில்லை. அந்த மௌனத்துக்குப் பதில் திட்டியிருந்தாலும் தேவலை. பெரியக்காவும் சுவரில் சாய்ந்தபடி சும்மா இருந்தார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டேன். "எனக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா அக்கா?"

கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "நான் பேசினா என்னை நம்புவாங்க. உன்னை நம்ப வேணாமா?"

பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். கோணல் மாணலான எழுத்தில், கூட்டத்தில் கேட்காமல் இருநூறு ரூபாய் கொடுத்தது தன் தப்பு என்று எழுதியிருந்தது. கீழே வரிசையாகக் கைநாட்டுகள். பெரியக்காவேதான்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மறு கூட்டத்தில் நானும் எழுதினேன். சத்தமாக வாசித்துக் கையெழுத்து வாங்கினேன். அத்தோடு விட்டுவிட்டால், அடுத்த காய்ச்சலுக்கு என்ன செய்வது? அதையும் பேசினோம். அவசரத்துக்கு இரண்டாயிரம் வரை கொடுக்கலாம். இரண்டு பிரதிநிதிகளும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். அடுத்த கூட்டத்திலேயே பெயர், காரணம், தொகை எல்லாம் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். வட்டி வழக்கம்போல நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். வட்டமாக உட்கார்ந்து, பணத்தை நடுவில் வைத்து இரண்டு பேர் உரக்க எண்ணுவது பெரியக்கா காலத்துப் பழக்கம். நேரமாகிறது என்று நான்தான் அதை நிறுத்தியிருந்தேன். திரும்பக் கொண்டுவந்தோம்.

குழந்தை தேறிவிட்டது. அந்தப் பெண் ஆறு தவணையில் கட்டி முடித்தாள்.

போன வாரம் பெரியக்கா கேட்டார்: "நோட்டு எழுதறப்போ பக்கத்துல யாரை உட்கார வச்சிருக்கே?"

தையல் மிஷின் வைத்திருக்கும் புது மருமகள் ஒருத்தியை உட்கார வைத்திருக்கிறேன். கெட்டிக்காரிதான். ஆனால் அவள் எழுதும் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கிறது; அதற்குத்தான் இப்போது பயிற்சி நடக்கிறது.