கிராமச் சுகாதாரத்திற்கேற்ற மருத்துவக் கல்வி: கோலார் தங்க வயல் தரும் பாடம்

ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் எந்த மக்களுக்காக நடைபெறுகிறது என்பதை அதன் சாசனத்தைப் படித்து அறிவதைவிட, அதன் மாணவர்கள் எங்கே நோயாளிகளைக் காண்கிறார்கள் என்பதைக் கவனித்து அறிவது எளிது. பெரிய நகர மருத்துவமனையில் மட்டும் பயின்ற மாணவர், அம்மருத்துவமனையை நாடி வந்த நோய்களையே அறிவார். வர இயலாதவர்களின் நோய்கள் அவருக்குப் புத்தகச் செய்திகளாகவே இருந்துவிடும். 2011-ம் ஆண்டின் மக்கட் கணக்குப்படி இந்திய மக்களில் நூற்றுக்கு 69 பேர் கிராமங்களில் வாழ்ந்தனர். ஆகவே, மருத்துவம், செவிலியர் பயிற்சி, ஆய்வுக்கூடப் பயிற்சி ஆகியவற்றைக் கிராமத் தேவைக்கேற்ப எவ்வாறு மாற்றியமைப்பது என்பது நாட்டுக்கு முக்கியமான கேள்வியாகும். இதனை ஆராய்வதற்குக் கோலார் தங்க வயலும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் பொருத்தமான களமாக அமைகின்றன.

சுரங்கமும் மருத்துவமனையும்

கோலார் தங்க வயலில் 1880-ம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் நவீன முறையில் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் அங்குக் குடியேறினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. தொழிலாளருக்கென மருத்துவமனையும் அங்கேயே அமைந்தது. சுரங்கங்கள் 1956-ம் ஆண்டில் மைசூர் அரசிடமும், 1962-ம் ஆண்டில் மத்திய அரசிடமும் வந்தன. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி அவை மூடப்பட்டன.

சுரங்கம் நின்றதைத் தொடர்ந்து மருத்துவமனையும் செயலற்றுப் போயிற்று. பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடம் 2021-ம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது அவசரமாகத் துப்புரவு செய்யப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. மருத்துவ வசதி ஒரு தொழிலை மட்டும் சார்ந்து நின்றால், அத்தொழில் முடிந்ததும் மக்கள் கைவிடப்படுவர் என்பதற்கு இது தெளிவான உதாரணமாகும். ஆனால் நோய் அவ்வாறு முடிந்துவிடுவதில்லை.

சுரங்கத்தினும் நீண்ட ஆயுளுள்ள நோய்

கோலாரில் தங்கம் படிகக் கல் நாளங்களில் கிடைத்தது. படிகக் கல் என்பது சிலிக்கா. பாறையைத் துளையிடும்போதும் வெடிவைத்துப் பிளக்கும்போதும் கண்ணுக்குப் புலப்படாத சிலிக்காத் தூசி காற்றில் கலக்கிறது. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஐந்து பங்கிற்கும் குறைந்த அளவுள்ள துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் நுண்ணறைகள் வரை சென்றுவிடுகின்றன. அங்குள்ள காவல் அணுக்கள் துகள்களை விழுங்கி, அவற்றைச் சீரணிக்க இயலாமல் தாமே மடிகின்றன. வெளிப்பட்ட துகள்களை வேறு அணுக்கள் விழுங்கி அவையும் மடிகின்றன. இவ்வாறு ஏற்படும் அழற்சியினால் மென்மையான நுரையீரலில் தழும்புகளும் முடிச்சுகளும் தோன்றுகின்றன. இதுவே சிலிக்கோசிஸ் என்னும் நோய்.

இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. தூசியில் வேலை செய்யத் தொடங்கிப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே இது பெரும்பாலும் வெளிப்படுகிறது. வேலையை விட்ட பின்னரும் வளரக்கூடியது. 1940-களில் கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர் 7,600-க்கு மேற்பட்டோரைப் பரிசோதித்த ஆய்வில், ஐந்தில் இரண்டு பங்கினருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. 2001-ம் ஆண்டில் இருபத்தைந்து வயதாயிருந்த தொழிலாளி இன்று ஐம்பது வயதைத் தொட்டிருப்பார். அவர் இப்போது மூச்சுத்திணறலுடன் மருத்துவரிடம் வரக்கூடும்.

அவ்வாறு வருபவரின் எக்ஸ்ரே படத்தில் தோன்றும் நிழல்கள் காசநோயின் நிழல்களை ஒத்திருக்கலாம். சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பும் பன்மடங்கு அதிகம். ஆதலால் இரண்டையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்திருப்பதையும் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. இதற்கு முதற்கருவி விலையுயர்ந்த இயந்திரமன்று, "நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், எத்தனை ஆண்டு செய்தீர்கள்?" என்னும் கேள்வியே. இக்கேள்வியைக் கேட்கும் பழக்கம் பயிற்சியில் ஊன்றாவிடில், காசநோய் மருந்தே மீண்டும் மீண்டும் அளிக்கப்பட்டு, உண்மையான நோய் பதிவேட்டில் ஏறாமலே போய்விடும்.

தண்ணீரும் ஒரு பாடமே

சுரங்க எல்லையைத் தாண்டிக் கிராமங்களுக்குச் சென்றால் வேறொரு நோய் எதிர்ப்படுகிறது. கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மக்கள் ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பியிருக்கின்றனர். பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய நீரில் ஃபுளோரைடு மிகுதியாகக் கரைகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருத்தல் கூடாது என்பது ஏற்கப்பட்ட வரம்பு. அதற்கு மேற்பட்ட நீரைக் குழந்தைப் பருவத்தில் பருகினால் பற்களில் பழுப்புக் கறை படிகிறது. மிகுதியான அளவில் பல்லாண்டுகள் பருகினால் எலும்புகளும் மூட்டுகளும் இறுகிவிடுகின்றன. மூட்டுவலிக்கு மாத்திரை எழுதித் தரும் மருத்துவர் கிணற்று நீரைப் பரிசோதிக்கச் செய்யாவிடில் நோயின் வேர் அப்படியே இருக்கும். இங்கு ஆய்வுக்கூடப் பணியாளரும் பல் மருத்துவரும் கிராமச் செவிலியரும் டாக்டருக்கு இணையான தேவையுடையவர்கள்.

கமிட்டிகளும் அனுபவமும்

கல்வி மாறவேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. 1946-ம் ஆண்டில் வெளியான போர் கமிட்டி அறிக்கை, மருத்துவ மாணவருக்கு நோய்த்தடுப்பிலும் சமூக மருத்துவத்திலும் மூன்று மாதப் பயிற்சி தேவை என்று கூறிற்று. 1975-ம் ஆண்டில் ஸ்ரீவாஸ்தவா கமிட்டி இக்கருத்தை வலியுறுத்தியது. 1977-ம் ஆண்டில், மருத்துவக் கல்லூரிகள் கிராம வட்டாரங்களின் சுகாதாரப் பொறுப்பை ஏற்கவேண்டும் என்னும் திட்டம் தொடங்கியது. ஆனால் பல கல்லூரிகளில் இப்பொறுப்பு சமூக மருத்துவத் துறையோடு நின்றுவிட்டது. அறுவைத் துறையும் குழந்தை மருத்துவத் துறையும் நகரத்திலேயே தங்கின. நடமாடும் வண்டி கிராமத்திற்குச் சென்று மாலையில் திரும்பியது. மாணவர் கிராமத்தைப் பார்த்தார்களேயன்றி அங்குப் பொறுப்பேற்கவில்லை.

இதற்கு மாறான அனுபவம் அன்றைய கோலார் மாவட்டத்திலேயே கிடைத்தது. சித்லகட்டா தாலுகாவிலுள்ள மல்லூரில் 1973-ம் ஆண்டில் ஒரு சுகாதாரக் கூட்டுறவு தோன்றிற்று. (2007-ம் ஆண்டு முதல் இப்பகுதி சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.) பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் தன் வருவாயிலிருந்து சுகாதார நிலையத்திற்குப் பணம் ஒதுக்கியது. பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரி டாக்டர்களையும் பயிற்சியையும் அளித்தது. பயிற்சி டாக்டர்கள் அங்குச் சென்று பணி கற்றனர். செலவில் பங்கேற்ற மக்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் இருந்தது. கிராமத்திற்கு மருத்துவமும், மாணவருக்குக் கிராமமும் ஒரே ஏற்பாட்டில் கிட்டின.

மாற்றியமைக்க வேண்டியவை எவை?

இன்று கோலார் நகரை அடுத்த டமக்காவில் 1986-ம் ஆண்டில் தொடங்கிய ஸ்ரீ தேவராஜ் அரஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இது 2007-ம் ஆண்டு முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாகும். தங்க வயலிலிருந்து இது சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கர்நாடகத்தின் மற்ற மருத்துவக் கல்லூரிகளிற் பெரும்பாலானவை 1996-ம் ஆண்டில் நிறுவப்பட்ட ராஜீவ் காந்தி சுகாதார விஞ்ஞானப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. மருத்துவப் பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் வகுக்கிறது. மாணவர் சில குடும்பங்களின் நலனைத் தொடர்ந்து கவனிக்கவேண்டும் என்றும், மேற்பட்டப் படிப்பினர் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனை போன்ற நிலையங்களில் பணிபுரியவேண்டும் என்றும் அது விதித்துள்ளது. இந்த வரம்பிற்குள்ளும் பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியவை பல உண்டு.

முதலாவது, இடம். எல்லாத் துறைகளும் தாலுகா மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முறைவைத்துக் கற்பிக்கவேண்டும். இரண்டாவது, குழு. மருத்துவ மாணவரும் செவிலியர் மாணவரும் ஆய்வுக்கூட மாணவரும் ஒரே கிராமத்தில் ஒன்றாகப் பயிலவேண்டும். மூன்றாவது, தேர்வு. தொழில் வரலாறு கேட்டறிதல், குடிநீர் மாதிரி எடுத்தல் ஆகியவற்றிற்கு மதிப்பெண் இல்லாவிடில் மாணவர் அவற்றைப் பொருட்படுத்தார். நான்காவது, மாணவர் சேர்க்கை. கிராமத்தில் வளர்ந்தவர்கள் கிராமத்தில் பணிபுரிய முன்வரும் வாய்ப்பு அதிகம் என்பதை உலக சுகாதார ஸ்தாபனம் 2010-ம் ஆண்டிலும் மீண்டும் 2021-ம் ஆண்டிலும் எடுத்துக் காட்டியுள்ளது. ஜப்பானில் 1972-ம் ஆண்டில் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் நாட்டின் ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவரைத் தேர்ந்து, கட்டணச் சலுகையுடன் பயிற்றுவித்து, சுமார் ஒன்பது ஆண்டுகள் சொந்த மாகாணத்தில் பணிபுரியச் செய்கிறது. கட்டாயம் மட்டுமன்று, சொந்த மண்ணின் பற்றும் அங்குத் துணைநிற்கிறது.

இவற்றைத் தள்ளிப்போட இயலாத காரணமும் உண்டு. தங்க வயலில் சுரங்கத்தில் இறங்கியவர்களின் கடைசித் தலைமுறை முதுமையை நெருங்குகிறது. அவர்களின் பிள்ளைகளிற் பலர் நாள்தோறும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்ல, நோயுற்றோர் வீட்டில் தங்குகின்றனர். அவர்களைப் பரிசோதித்துக் கற்கும் வாய்ப்பு இன்னும் சில ஆண்டுகளுக்கே உண்டு. அக்கல்வி பழைய சுரங்கத்தோடு முடிவதுமன்று. கல் குவாரிகளிலும் கல்லுடைக்கும் ஆலைகளிலும் அதே தூசி இன்றைய இளைஞரின் நுரையீரலுட் புகுகிறது. தங்க வயலின் முதியவரிடம் கேள்வி கேட்கக் கற்ற மாணவர், நாளை குவாரித் தொழிலாளியின் நோயைத் தக்க காலத்தில் அறிந்து, அவரைத் தூசியிலிருந்து விலக்கிக் காக்க இயலும்.