கையெழுத்திட்டவர் சுமந்த பழி

வெர்சாய் உடன்படிக்கையே ஹிட்லரை உருவாக்கியது என்னும் ஒற்றை வரி விடையை வரலாற்று வகுப்பறைகளில் அடிக்கடி கேட்கிறோம். அவ்விடை முற்றிலும் பிழையன்று. எனினும் அது பாதி விடையே. உடன்படிக்கையின் கடுமை மட்டும் ஜெர்மானியக் குடியரசை வீழ்த்திவிடவில்லை. போரில் தோற்றவர் ஒருவராகவும், அத்தோல்விக்குக் கையெழுத்திட்டவர் வேறொருவராகவும் அமைந்தமை அக்குடியரசின் அரசியலைத் தொடக்கத்திலேயே நஞ்சாக்கியது.

1916 முதல் ஜெர்மனியின் போர் நடவடிக்கைகள் ஹிண்டன்பர்க், லூடன்டோர்ஃப் என்னும் இரு தளபதிகளின் கையில் இருந்தன. 1918 செப்டம்பர் 29ஆம் நாள், மேற்குப் போர்முனை இனித் தாங்காது என்றுணர்ந்த லூடன்டோர்ஃப், உடனே போர்நிறுத்தம் கோர வேண்டும் எனப் பேரரசரிடம் வலியுறுத்தினார். நாடாளுமன்றக் கட்சிகளை ஆட்சியில் அமர்த்தவும் வழிகாட்டினார். போரை நடத்தும் அதிகாரம் இல்லாதிருந்த கட்சிகள், தோல்வி வாயிலில் வந்து நின்றபோது ஆட்சிக்கு அழைக்கப்பெற்றன. நவம்பர் 9ஆம் நாள் பேரரசரின் முடிதுறப்பு அறிவிக்கப்பட்டது. மறுநாள் அவர் நெதர்லாந்துக்குச் சென்றார். நவம்பர் 11ஆம் நாள், பிரான்சின் கொம்பியேன் காட்டில் ஓர் இரயில் பெட்டியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜெர்மானியக் குழுவின் தலைவர் படைத்தளபதி அல்லர். மத்தியக் கட்சியைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் எர்ட்ஸ்பெர்கர்.

1919 மே 7ஆம் நாள் அமைதி விதிகள் ஜெர்மனியிடம் அளிக்கப்பட்டன. ஐரோப்பாவில் இருந்த நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடும், கடல்கடந்த குடியேற்ற நாடுகள் அனைத்தும் அதன் கையைவிட்டுப் போயின. தரைப்படை 100,000 பேர் என வரையறுக்கப்பட்டது. எல்லாவற்றிலும் மிகுந்த சினத்தை மூட்டியது 231ஆம் பிரிவு. நேச நாடுகளுக்கு நேர்ந்த இழப்புகளுக்கு ஜெர்மனியும் அதன் கூட்டு நாடுகளும் பொறுப்பு என்பதே அதன் சாரம். இழப்பீடு கோருவதற்குச் சட்ட அடிப்படை அமைக்கவே அது எழுதப்பட்டது. குற்றம் என்னும் சொல் அதில் இல்லை. அதனையொத்த பிரிவு ஆஸ்திரிய, ஹங்கேரிய உடன்படிக்கைகளிலும் இடம்பெற்றது. ஆயினும் ஜெர்மனியில் அது ‘போர்ப்பழிப் பிரிவு’ என்றே பெயர்பெற்றது. பொறுப்பு என்னும் சட்டச் சொல், பழி என்னும் மானச் சொல்லாக மாறிவிட்டது.

கையெழுத்திட மறுத்து ஓர் அமைச்சரவை பதவி விலகியது. மீண்டும் போரிட இயலுமா எனக் குடியரசுத் தலைவர் எபர்ட் படைத்தலைமையிடம் வினவினார். இயலாது என்றே விடை வந்தது. வைமார் நகரில் கூடிய தேசியப் பேரவை, 138 வாக்குகளுக்கு எதிராக 237 வாக்குகளால் கையெழுத்திட இசைந்தது. ஜூன் 28ஆம் நாள் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் கையெழுத்திட்டவர்கள் ஹெர்மன் முல்லர், யோகன்னஸ் பெல் என்னும் இரு அமைச்சர்கள்.

‘பழி ஓரிடம், பாவம் ஓரிடம்’ என்னும் நம் பழமொழி இங்கு உண்மையாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் தோன்றிய ஹிண்டன்பர்க், படை போர்க்களத்தில் தோற்கவில்லை, முதுகில் குத்தப்பட்டது என்னும் கருத்தை முன்வைத்தார். போர்நிறுத்தத்தை வற்புறுத்திய தலைமையே அதனை நாடியவர்களைத் துரோகிகளாக்கியது. 1921இல் எர்ட்ஸ்பெர்கர் சுட்டுக் கொல்லப்பட்டார்; 1922இல் வெளியுறவு அமைச்சர் ராத்தெனாவ் கொல்லப்பட்டார். குடியரசைத் தாங்கிய மூன்று கட்சிகள் 1919 ஜனவரித் தேர்தலில் நான்கில் மூன்று பங்கு வாக்குகளைப் பெற்றிருந்தன. 1920 ஜூன் தேர்தலில் அவற்றின் பங்கு பாதிக்கும் கீழிறங்கியது. இழந்த பெரும்பான்மை மீளவே இல்லை. 1925இல் மக்கள் ஹிண்டன்பர்க்கையே குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர்.

இனி, உடன்படிக்கையின் கடுமையே முழுக் காரணம் என்னும் வாதத்தை ஆண்டுகளோடு ஒப்பிட்டு நோக்குவோம். 1921இல் இழப்பீடு 132 பில்லியன் தங்க மார்க் என அறிவிக்கப்பட்டது. 1923இல் நாணயம் மதிப்பிழந்தது. ஆனால் 1924க்குப் பின் தவணைகள் குறைக்கப்பட்டன. 1926இல் ஜெர்மனி உலக நாடுகள் சங்கத்தில் இடம்பெற்றது. 1928 தேர்தலில் ஹிட்லரின் கட்சி பெற்றது 2.6 விழுக்காடு வாக்குகளே. உலகப் பொருளாதார மந்தத்திற்குப் பின், 1932 ஜூலையில் அது 37 விழுக்காட்டைத் தாண்டியது. அதே மாதத்தில்தான் லொசான் மாநாடு இழப்பீட்டுச் சுமையை ஏறத்தாழ முற்றிலும் நீக்கியது. சுமை இறங்கியபின்னும் கதை இறங்கவில்லை. 1933 ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லரைத் தலைமை அமைச்சராக நியமித்தவர், அக்கதைக்குத் தம் பெயரின் மதிப்பை ஈந்த ஹிண்டன்பர்க்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் 1943இலேயே நிபந்தனையற்ற சரணாகதியைக் கோரியதற்கு, 1918இன் நினைவும் ஒரு காரணம். 1945 மே 8ஆம் நாள் பெர்லினில் கையெழுத்திட்டவர் ஃபீல்டு மார்ஷல் கைட்டல். அவ்வாண்டு செப்டம்பர் 12ஆம் நாள், இன்று தேசியக் கலைக்கூடத்தின் பகுதியாக விளங்கும் சிங்கப்பூர் நகராண்மைக் கட்டடத்தில், மவுண்ட்பேட்டன் முன்னிலையில் கையெழுத்திட்டவர் ஜப்பானியத் தளபதி இட்டாகாக்கி. இம்முறை தோற்ற படையின் தலைவர்களே தோல்வியை ஏற்றுக் கையொப்பமிட்டனர்.

ஆகவே, ஓர் அமைதி உடன்படிக்கையைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் அதன் விதிகளைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடலாகாது. அதில் யார் கையெழுத்திட்டார், யார் ஒதுங்கி நின்றார், பின்னர் அதைப்பற்றி யார் என்ன கதை சொன்னார் என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்தே எழுப்புதல் வேண்டும்.