எழுபது என்னும் எல்லைக்கோடு

ஆட்டிசம் மதிப்பீடு முடிந்ததும் பெற்றோர் முதலில் கேட்பது, “எத்தனை மதிப்பெண்?” என்பதைத்தான். சிறப்புக் கல்வியாளரான நான் அக்கேள்வியைக் குறைசொல்ல மாட்டேன். அந்த எண்ணை வைத்தே மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முடிவாகிறது. (‘மன இறுக்கம்’ என்ற சொல்லை நான் தவிர்க்கிறேன், மனம் இறுகுவதால் வருவதன்று இது.)

ஆட்டிசத்தை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தையின் நடத்தையைக் கவனித்தும், வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்துமே கண்டறிய வேண்டும். ஆளுக்கு ஆள் முடிவு மாறிவிடக் கூடாது என்பதற்காகவே தரப்படுத்தப்பட்ட கருவிகள் உருவாயின. இவற்றின் பணி ஒன்றல்ல. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான ‘எம்-சாட்’ கருவியின் 20 கேள்விகள், மேற்கொண்டு பரிசோதனை தேவையா என்பதை மட்டுமே சொல்லும். கைபேசியில் அதை நிரப்பிவிட்டுக் கலங்குவதும் நிம்மதி அடைவதும் ஒருசேரப் பிழை.

சான்றிதழுக்குப் பயன்படுவது செகந்திராபாத்திலுள்ள தேசிய நிறுவனம் உருவாக்கிய இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோல். 40 கூறுகள், ஒரு நடத்தை எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70 என்றால் 40 சதவீத இயலாமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்வி, வேலை இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு வைத்திருக்கும் வாசலும் அதே 40 சதவீதம்தான். 69 பெற்ற குழந்தை அந்த வாசலுக்கு வெளியே நிற்கும்.

இங்கேதான் சிக்கல். ‘அரிதாக’, ‘சில நேரங்களில்’, ‘எப்போதும்’ என்ற சொற்களை யார் எப்படிப் புரிந்துகொள்கிறார்? பிள்ளை கேட்கும் முன்பே தண்ணீர் எடுத்துத் தரும் தாய், “அவனுக்குத் தேவையைச் சொல்வதில் சிரமமில்லை” என்று மனமாரச் சொல்வார். சொல்லவேண்டிய நிலையே அவனுக்கு வந்ததில்லை என்பது அவருக்குத் தோன்றாது. கூட்டுக் குடும்பத்தில் பாட்டியும் அத்தையும் சேர்ந்து அந்த இடைவெளியை இன்னும் மூடிவிடுகிறார்கள். மதிப்பெண் குறைகிறது, சிரமம் குறைவதில்லை. அரைமணி நேரத்தில் அவசரமாக முடிக்கப்படும் மதிப்பீட்டில் இதைத் துருவிக் கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது?

ஆகவே, மதிப்பீட்டுக்கு முன் இரண்டு வாரம் குறிப்பெழுதுமாறு பெற்றோரிடம் சொல்கிறேன்: பெயர் சொல்லி அழைத்தபோது எத்தனை முறை திரும்பினான், உதவி வேண்டுமெனில் என்ன செய்தான், வழக்கமான பாதை மாறினால் எவ்வளவு நேரம் அழுதான். வகுப்பாசிரியர் எழுதித் தரும் அரைப்பக்கமும் உடன் இருக்கட்டும். பயிற்சியைத் தொடங்கச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.